ஊசிக்கு மயங்குபவர்களுக்கு ஒரு பாய் விரியுங்கள்

சுங்கை சிப்புட் வட்டார ஆலய நிர்வாகத்தினருக்கும், தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினருக்கும், மருத்துவ முகாம்களை முன்னின்று நடத்தும் இளைஞர் இயக்கத் தம்பி தங்கையருக்கும் வணக்கம்.

நான் இந்த ஊர்க்காரன். தோட்டத்தில் பிறந்து, தோட்டம் துண்டாடப்பட்டபோது பட்டணத்துத் தாமானுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிக்கு, குடிவந்தவன். செம்பனை எண்ணெய் ஆலையில் லாரிகளின் எடையைப் பதியும் வேலை. வயது 56. உங்களில் பலருக்கு என் முகம் தெரியும். திருவிழாக் காலத்தில் அன்னதானப் பந்தியில் சாம்பார் வாளியோடு நிற்பவர்களில் நானும் ஒருவன். ஆனால் இங்கே எழுதப்போகும் செய்தி என் மனைவிக்கே திருமணமாகிப் பதினோர் ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. எனக்கு ஊசி என்றால் பயம். அந்தச் சொல்லுக்குள் அடங்காத பயம். ஊசி போடுவதைப் பார்த்தால், சில நேரம் அதைப் பற்றிப் பேசக் கேட்டாலே, காது அடைக்கும், வாய் உலரும், கண் இருட்டும், விழுந்துவிடுவேன்.

இதை இப்போது எழுதக் காரணம், மூன்று மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் வட்டாரத்து ஆலய மண்டபம் ஒன்றில் நடந்த இலவச மருத்துவ முகாம். எந்த ஆலயம் என்று எழுதவில்லை. அங்கே நடந்தது எந்த மண்டபத்திலும் நடந்திருக்கக் கூடியதுதான். காலை பத்து மணிக்கெல்லாம் நல்ல கூட்டம். வாசலில் பெயர்ப் பதிவு, அடுத்த மேசையில் இரத்த அழுத்தம், அதற்கடுத்து விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்ப்பது, கடைசியில் இரத்த தானக் கட்டில்கள். எல்லாமே திறந்த மண்டபத்தில், மேடைக்கு நேர் எதிரே.

வரிசையில் எனக்கு நான்கு பேர் முன்னால் ஒரு தம்பி நின்றான். உருமி மேளக் குழுவில் அடிப்பவன். அகன்ற தோள், முறுக்கிய கை. அவன் முறை நெருங்க நெருங்கப் பின்கழுத்தில் வியர்வை ஊறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டைக் கழுத்து நனைந்து நிறம் மாறியது. வலது கைக் கட்டைவிரலை இடது கைக்குள் வைத்து மூடிக்கொண்டான். காது மடல்கள் வெளுத்தன. அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நான் வாய் திறக்கவில்லை. அதற்காக அந்தத் தம்பியிடம் இந்த மடலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

தாதி அவன் விரலைப் பஞ்சால் துடைத்தார். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஊசி பட்ட மறு நொடி கண்கள் செருகி, நாற்காலியோடு சரிந்தான். மேசை விளிம்பில் தாடை பட்டுக் கிழிந்தது. தாதி பாய்ந்து அவன் தலையைத் தாங்கிக்கொண்டார். அதற்குள் ஒலிவாங்கி பிடித்திருந்தவர், "உருமி அடிக்கிற கைக்கு ஒரு குட்டி ஊசி தாங்கவில்லையே!" என்றார். மண்டபம் சிரித்தது. நான்கைந்து கைப்பேசிகள் உயர்ந்தன. மாலைக்குள் அந்தக் காணொளி வாட்ஸ்அப் குழுக்களில் ஊரைச் சுற்றிவிட்டது. எனக்கே மூன்று பேர் அனுப்பினார்கள்.

சிரிப்பு அடங்குவதற்குள் வரிசையிலிருந்து மூன்று பேர் விலகினார்கள். நான் எண்ணினேன். அவர்களில் ஒருவர் என் தெருவில் இருக்கும் அக்கா. காலில் ஆறாத புண்ணுக்குத் துணி சுற்றிக்கொண்டு நடப்பவர். முகாமுக்கு வரவேண்டியவர்களிலேயே முதலில் வரவேண்டியவர் அவர்தான். அவர் குடையை விரித்துக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனதைப் பார்த்தபோது எனக்கு என் அம்மாவின் நடை நினைவுக்கு வந்தது.

என் அம்மா பால்மரம் சீவியவர். விடியுமுன் எழுந்து சோறு பொங்கி வைத்துவிட்டு, வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய் நிற்பார். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் நிரை ஏறுவார். மரத்தடியில் சுருண்டு கிடந்த பாம்பைக் காண்டாக் கம்பால் அடித்துப் போட்டுவிட்டு, அடுத்த மரத்துக்குப் போய் உளியை வைத்தவர் என்று அப்பா பெருமையாகச் சொல்வார். அப்படிப்பட்டவர் தோட்டத்து ஆஸ்பத்திரிப் படியில் கால் வைக்க மாட்டார். தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரசர் ஐயா எங்கள் லயத்து வீடுகள் பக்கம் வருகிறார் என்று தெரிந்தால் பின்வாசல் வழியே போய்க் கோழிக்கூண்டுக்குப் பின்னால் நின்றுகொள்வார். அப்பா அதை வீம்பு என்பார். பாட்டி கொழுப்பு என்பார். நாங்களும் அப்படியே நம்பி வளர்ந்தோம்.

தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு அம்மா உதிரிப்பழம் பொறுக்கப் போனார். ஒரு நாள் குதிகாலில் மட்டை முள் ஏறியது. முள்ளை எடுத்துவிட்டு மஞ்சள் அரைத்துக் கட்டினார். புண் இரண்டு மாதம் ஆகியும் ஆறவில்லை. கெஞ்சினோம், திட்டினோம், அண்ணன் ஒரு முறை கையைப் பிடித்து இழுத்தே பார்த்தார். காய்ச்சலில் நினைவு தப்பிய பிறகுதான் அவரைத் தூக்கிக்கொண்டு போக முடிந்தது. சர்க்கரை நோய் வந்து எத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கும் என்று மருத்துவர் கேட்டார். எங்களில் யாருக்கும் பதில் தெரியவில்லை. முதலில் விரல்களை எடுத்தார்கள். பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

கால் போன பிறகு ஒரு மாலை, கட்டிலில் சாய்ந்தபடி அம்மா என்னிடம் சொன்னார்: "ஊசியைப் பார்த்தால் எனக்குக் கண் இருட்டிப் போகும் ஐயா. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். சொன்னால் சிரிப்பீர்கள் என்று சொல்லவில்லை."

எனக்கும் அப்படித்தான் அம்மா என்று நான் அப்போதும் சொல்லவில்லை. 2009-இல் அவர் போய்ச் சேர்ந்தார். அந்த ஒரு வாக்கியத்தை அவரிடம் சொல்லியிருந்தால் கால் திரும்பி வந்திருக்காது. ஆனால் தன் பிள்ளைக்கும் இது இருக்கிறது, இது தன் குற்றமில்லை என்று தெரிந்துகொண்டாவது போயிருப்பார்.

உங்களுக்குத் தெரிந்த கணக்கைத்தான் சொல்கிறேன். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் விகிதம் அதிகம். அந்த 18.3-இல் 8.9 விழுக்காட்டினர், அதாவது ஏறக்குறையப் பாதிப் பேர், தங்களுக்கு நோய் இருப்பதே அறியாதவர்கள். அதனால்தான் நீங்கள் முகாம் நடத்துகிறீர்கள். நல்ல மனத்தோடு, சொந்தப் பணம் போட்டு, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டு நடத்துகிறீர்கள். ஆனால் இந்த நோயைக் கண்டுபிடிக்க ஊசிமுனை ஒன்றுதான் வழி. அந்த ஊசிமுனைக்கு முன்னால் நிற்க முடியாதவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் ஒதுங்கிப் போவதை நாம் அலட்சியம் என்று எழுதிவிடுகிறோம்.

இந்த அச்சத்தின் உடல்கூறைக் கொஞ்சம் விளக்க அனுமதியுங்கள். இதைத் தெரிந்துகொண்ட நாளில்தான் என் மீது எனக்கிருந்த வெறுப்புக் குறைந்தது.

ஃபோபியா என்று மருத்துவர்கள் சொல்வது சாதாரணப் பயத்தை அல்ல. செம்பனைக் காட்டில் பாம்புக்குப் பயப்படுவது புத்திசாலித்தனம். பாம்புப் படம் போட்ட நாள்காட்டி மாட்டிய வீட்டுக்குள் நுழைய முடியாமல் போவது ஃபோபியா. ஆபத்தின் அளவுக்குப் பொருந்தாத அச்சம், மாதக்கணக்கில் நீடித்து, அன்றாட வாழ்க்கையை வளைத்துவிடும் அச்சம். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட வகைப்பாட்டில், விலங்குகள், இடி உயரம் போன்ற இயற்கைச் சூழல், மின்தூக்கி விமானம் போன்ற இடங்கள் என்று பிரிக்கும்போது, இரத்தம் ஊசி காயம் ஆகியவற்றுக்கான அச்சத்தைத் தனி வகையாகவே வைத்திருக்கிறார்கள். 22 நாடுகளின் மக்களிடம் திரட்டி 2017-இல் வெளியான ஆய்வு, வாழ்நாளில் ஒரு முறையேனும் இப்படிப்பட்ட குறிப்பிட்ட அச்சத்துக்கு ஆளானவர்கள் 7.4 விழுக்காடு என்கிறது. பாதிப் பேருக்கு எட்டு வயதுக்குள் தொடங்கிவிடுகிறதாம். எனக்கு ஆறு வயதில், தோட்டத்து ஆஸ்பத்திரி வராந்தாவில், கொதிக்கும் பாத்திரத்திலிருந்து இடுக்கியால் எடுத்த கண்ணாடி ஊசியின் முனையில் ஒரு சொட்டு நீர் தொங்கியதைப் பார்த்தபோது தொடங்கியது. அந்தச் சொட்டு இன்றும் கண்ணில் நிற்கிறது.

ஊசி அச்சம் தனி வகையானதற்குக் காரணம் இருக்கிறது. நாயைக் கண்டு நடுங்குபவருக்கும், மின்தூக்கியில் மூச்சு முட்டுபவருக்கும் இதயத் துடிப்பு ஏறும், இரத்த அழுத்தம் ஏறும். அந்த ஏற்றத்தில் மயக்கம் வருவது அரிது. ஊசியையோ இரத்தத்தையோ கண்டு அஞ்சுகிறவர்களில் பலருக்கு அழுத்தம் முதலில் ஏறி, பிறகு சட்டென்று விழுகிறது. துடிப்பும் தளர்கிறது. மூளைக்குப் போகும் இரத்தம் குறைகிறது. ஆள் சாய்கிறார். இது நரம்பு செய்யும் வேலை. மனத்தைத் திடப்படுத்திக்கொள் என்று சொல்லி இதை நிறுத்த முடியாது. தும்மலை நிறுத்தச் சொல்வது போலத்தான் அதுவும். பல குடும்பங்களில் இது தலைமுறை தாண்டியும் வருகிறது. எனக்கு என் அம்மாவிடமிருந்து வந்தது மூக்கு மட்டும் இல்லை.

தைப்பூசம் வரும்போதெல்லாம் என்னைக் குத்திய ஒரு கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். "முருகன் பக்தன் கன்னத்தில் அலகு குத்திக்கொண்டு மலை ஏறுகிறான். உனக்கு ஊசிக்குப் பயமா?" இளவயதில் இதைக் கேட்டு நான் நம்பிக்கை இழந்திருக்கிறேன். என் பக்தியில்தான் குறை என்று எண்ணி இரண்டு தைப்பூசத்துக்குக் கோயில் பக்கமே போகவில்லை. பால்குடம் எடுக்கும் ஆசை இருந்தும், அலகு குத்தும் இடத்தைக் கடந்துதான் போகவேண்டும் என்பதால் எடுக்கவில்லை. விரதமிருந்து, மேளச் சத்தத்தில், குருவின் கை பட்டு, சுற்றமே சூழ்ந்து "வேல் வேல்" என்று முழங்க நிற்பவரின் உடல்நிலை வேறு. பிளாஸ்டிக் நாற்காலியில் தனியே உட்கார்ந்து எண்ணைக் கூப்பிடுவார்களா என்று காத்திருப்பவனின் உடல்நிலை வேறு. இரண்டையும் ஒப்பிட்டு ஒருவனைக் கோழை என்பது முருகனுக்கும் பெருமை சேர்க்காது. இதைப் பூசாரிமார்களும் குருமார்களும் மேடையில் ஒரு முறை சொன்னால் போதும். எத்தனையோ பேர் நிமிர்ந்து உட்காருவார்கள்.

எனக்கு விடிவு 2021-இல் வந்தது. கோவிட் தடுப்பூசி போடாமல் ஆலைக்குள் போக முடியாது என்ற நிலை. மைசெஜாத்ரா கைப்பேசிச் செயலியில் தேதி வந்தது. ஈப்போவில் இருந்த மையத்துக்குப் போய், வாசலில் உடல் வெப்பம் பார்க்கும் இடம் வரை சென்று திரும்பிவிட்டேன். இரண்டாம் முறையும் அப்படியே. வாகனம் நிறுத்துமிடத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, போட்டாகிவிட்டது என்று வீட்டில் பொய் சொன்னேன். மூன்றாம் முறை என் மனைவி உடன் வந்தார். பதிவு மேசையில் இருந்த மலாய்த் தாதியிடம் நேராகவே சொன்னார்: இவருக்கு ஊசி என்றால் மயக்கம் வரும். எனக்கு நிலத்துக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. அந்தத் தாதி சிரிக்கவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை. "முன்பு மயங்கி விழுந்திருக்கிறீர்களா? எத்தனை முறை?" என்று மட்டும் கேட்டார். சர்க்கரை இருக்கிறதா என்று கேட்பது போன்ற அதே குரல். தடுப்புக்குப் பின்னால் இருந்த கட்டிலில் படுக்கச் சொன்னார்.

பிறகு ஒன்று கற்றுக்கொடுத்தார். ஊசி போடாத கையை இறுக மூடு. தொடை, வயிறு, கால் எல்லாவற்றையும் இறுக்கு. முகம் சூடாகும் வரை, பத்துப் பதினைந்து நொடி, அப்படியே பிடி. பிறகு முழுக்கத் தொய்ய விடாமல் இயல்பு நிலைக்கு வா. அரை நிமிடம் கழித்து மறுபடி. ஐந்து முறை. ஊசி போடும் கை மட்டும் தளர்வாக இருக்கட்டும். நான் செய்தேன். மூன்றாவது சுற்றில் காதடைப்பு விலகியது. எனக்கு அது நம்பவே முடியாததாக இருந்தது. ஐம்பது ஆண்டுகளாக எல்லோரும் எனக்குச் சொன்னது "உடம்பைத் தளர்த்து, ஆழ்ந்து மூச்சு விடு" என்பதுதான். ஏற்கெனவே விழுந்துகொண்டிருக்கும் இரத்த அழுத்தத்துக்கு அது உதவாது. தசையை இறுக்கினால் அழுத்தம் விழாமல் நிற்கும். சுவீடன் நாட்டு உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் தம் சக ஆய்வாளருடன் 1987-இல் இந்த முறையை விவரித்து எழுதினார் என்று பிறகு தெரிந்துகொண்டேன். நான் கற்றுக்கொள்ள இன்னும் 34 ஆண்டுகள் பிடித்தன. அம்மா அதற்குள் போய்விட்டார். இதய நோய், இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு செய்யட்டும்.

அதன் பிறகு ஆண்டுக்கு இரண்டு முறை அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டணம் கட்டி இரத்தம் பரிசோதித்துக்கொள்கிறேன். படுத்துக்கொண்டுதான். எனக்கும் சர்க்கரை இருக்கிறது. ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டதால் மாத்திரையோடு நிற்கிறது. முகாமன்றும் அந்தத் தம்பிக்குப் பிறகு என் முறை வந்தபோது தொடையை இறுக்கிக்கொண்டு விரலை நீட்டினேன். ஊசியைச் சமாளிக்கக் கற்றுக்கொண்டேன். வெட்கத்தைச் சமாளிக்க இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. அதனால்தான் அன்று ஒலிவாங்கியை வாங்கி ஒரு சொல் பேச எனக்கு வாய் வரவில்லை.

அந்த வெட்கத்துக்கு நம் ஊரில் ஒரு முகவரியே இருக்கிறது. தஞ்சோங் ரம்புத்தான். நம் ஊரிலிருந்து ஈப்போ போகும் வழியில் செம்மோரைத் தாண்டினால் பக்கம்தான். 1911-இல் தொடங்கப்பட்ட அந்த மனநல மருத்துவமனை, இன்றைய பஹாகியா மருத்துவமனை, எத்தனையோ குடும்பங்களை மீட்டெடுத்த இடம். நமக்கோ அது ஒரு வசவு. யாராவது கொஞ்சம் மாறி நடந்தால் "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்ப வேண்டியதுதான்" என்கிறோம். அந்த ஒரு வாக்கியம் எத்தனை பேரின் வாயை அடைத்திருக்கிறது! என் அச்சத்தைப் பற்றி மருத்துவரிடம் சொன்னால் அங்கே அனுப்பிவிடுவார்கள் என்றுதான் நானும் முப்பது வயது வரை நம்பினேன். உண்மையில் இதற்குப் படுக்கை கூடத் தேவையில்லை. கிளினிக்கில் சொன்னால் உளவியலாளரிடம் அனுப்புவார்கள். சிலருக்குச் சில மணி நேரப் பயிற்சியே போதுமானதாக இருக்கிறது. சுகாதார அமைச்சு 2022-இல் தொடங்கிய 15555 என்ற மனநல உதவி எண்ணும் இருக்கிறது. ஆலய அறிவிப்புப் பலகையில் பூசை நேரத்துக்குக் கீழே இந்த ஐந்து இலக்கங்களையும் எழுதி வையுங்கள்.

மந்திரித்துத் திருநீறு போடுவதையும், கயிறு கட்டுவதையும் நான் குறை சொல்லவில்லை. எனக்கும் கட்டியிருக்கிறார்கள். அம்மன் சந்நிதியில் மனம் அடங்கும் என்பது என் அனுபவம். ஆனால் கயிறு கட்டிய பிறகும் அச்சம் போகவில்லை என்றால் அந்தப் பிள்ளைக்கு "தெய்வ நம்பிக்கை இல்லை" என்று பட்டம் கட்டாதீர்கள். கயிறும் கட்டுங்கள், கிளினிக்குக்கும் அழைத்துப் போங்கள்.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரிடம் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. எட்டு வயதுக்குள் தொடங்கும் ஒன்று உங்கள் வகுப்பறைகளில்தான் தொடங்குகிறது. எங்கள் காலத்தில் "சொன்ன பேச்சைக் கேட்காவிட்டால் டிரசரிடம் பிடித்துக் கொடுப்பேன்" என்றுதான் வளர்த்தார்கள். இன்றைக்கும் "அழுதால் டாக்டர் ஊசி போடுவார்" என்று சொல்லாத வீடு குறைவு. பள்ளிக்குத் தடுப்பூசி போட வரும் நாளில், ஒரு மாணவன் அழுவதை மற்ற மாணவர்கள் வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். நோய் தீர்க்க வந்தவரைப் பூச்சாண்டி ஆக்கிவிட்டு, பிறகு நாற்பது வயதில் ஏன் பரிசோதனைக்கு வரவில்லை என்று கேட்பது என்ன நியாயம்?

எங்கள் தாமானில் மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒரு சிறுமி இருக்கிறாள். அவளுக்கு நாய் என்றால் அச்சம். தெருமுனையில் நாய் படுத்திருந்தால் பள்ளிக்குப் போக மாட்டாள். அவள் அம்மா தினமும் மோட்டார் சைக்கிளில் பெரிய சாலை சுற்றி அழைத்துப் போவார். மழை நாளில் இருவரும் நனைந்து போவதைப் பார்த்திருக்கிறேன். ஓர் உறவினர், நல்லெண்ணத்தில்தான், ஒரு நாய்க்குட்டியைக் கொண்டுவந்து திடீரென்று அவள் மடியில் போட்டார். "பார், ஒன்றும் செய்யாது!" அந்தக் குழந்தை கத்தக்கூட இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு விறைத்துப் போனாள், பாவாடை நனைந்தது. அதற்குப் பிறகு இரண்டு வாரம் வாசற்படி தாண்டவில்லை. முன்பு தெருநாய்க்கு மட்டும் இருந்த அச்சம் இப்போது அந்த உறவினருக்கும் சேர்த்து.

ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்பே, 1924-இல், மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் மூன்று வயது நிரம்பாத பீட்டர் என்ற சிறுவனின் முயல் அச்சத்தைப் போக்கிய விதத்தை எழுதினார். குழந்தை தனக்குப் பிடித்ததைத் தின்றுகொண்டிருக்கும்போது, முயலைக் கூண்டோடு அறையின் தொலைவில் வைத்தார். அடுத்தடுத்த அமர்வுகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டுவந்தார். கடைசியில் அந்தக் குழந்தை முயலை மடியில் வைத்துக்கொண்டு விளையாடியது. இன்றைய சிகிச்சைக்கும் அடிப்படை இதுதான்: அஞ்சுகிறவரின் சம்மதத்தோடு, அவர் வேகத்தில், படிப்படியாக. நம் ஊர்க் கிழவிகளுக்கு இது தெரியாததில்லை. பாலாறும் வரை காத்திருக்கத் தெரிந்தவர்கள்தானே நாம். பிள்ளையின் அச்சத்துக்கு மட்டும் ஏன் அவ்வளவு அவசரம்?

இன்னும் எத்தனையோ பேர். ஈப்போ மருத்துவமனையில் மேல்மாடியில் கிடந்த கணவரைப் பார்க்க, மூட்டுவலியோடு ஒவ்வொரு நாளும் படி ஏறி இறங்கிய ஓர் அம்மாவை எனக்குத் தெரியும். மின்தூக்கிக் கதவு மூடினால் அவருக்கு உயிர் போய்விடும் போலிருக்கும். உடற்பயிற்சி என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். மாலையானால் இடி இடிக்கும் இந்த நாட்டில், இடிக்கு அஞ்சி மூன்று மணிக்கே கடையை மூடிவிடும் ஒருவரைச் சோம்பேறி என்று நாமே பேசியிருக்கிறோம். தீபாவளிப் பட்டாசுக்குப் பயந்து அலமாரிக்குள் உட்காரும் பையன்களும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அச்சம் உள்ளவர்கள் எல்லோரும் காரணம் சொல்லக் கற்றுக்கொண்டவர்கள். தலைவலி, வேலை, விருந்தாளி, மழை. அந்தக் காரணங்களைக் கண்டுபிடிப்பதிலேயே பாதி உயிர் போய்விடுகிறது.

நான் கேட்பது பெரிய காரியம் எதுவும் இல்லை. தீபாவளிக்கு முன் அடுத்த முகாம் வைப்பதாகச் சொன்னீர்கள். சர்க்கரை பார்க்கும் மேசையை மண்டபத்தின் நடுவில் வைக்காதீர்கள். ஓரத்தில் வைத்து, திருமண மேடைக்குப் பின்னால் சுருட்டி வைத்திருக்கும் திரைச்சீலையில் ஒன்றை மறைப்பாகக் கட்டுங்கள். அங்கே ஒரு பாயும் தலையணையும் போடுங்கள். பெயர்ப் பதிவு மேசையில் உட்காரும் தங்கை, வயதும் முகவரியும் கேட்கும்போது, "ஊசி போட்டால் மயக்கம் வருமா?" என்பதையும் அதே குரலில் கேட்கட்டும். வரும் என்பவரை வரிசையில் காக்க வைக்காமல் முதலில் படுக்க வைத்து, ஒரு குவளை தண்ணீர் கொடுத்து, தசையை இறுக்கச் சொல்லிக் கொடுங்கள். துணைக்கு வந்தவரை வெளியே நிறுத்தாதீர்கள். அந்த இடத்தில் கைப்பேசி கூடாது. ஒலிவாங்கி, யார் எந்த மேசைக்குப் போகவேண்டும் என்று சொல்வதற்கு மட்டும் இருக்கட்டும்.

இன்னொன்று. அந்தக் காணொளி இன்னும் சில குழுக்களில் இருக்கிறது. நிர்வாகிகள் அதை அழிக்கச் சொல்லுங்கள். பகிர்ந்தவர்கள் தாங்களாகவே அழித்தால் இன்னும் நல்லது. அந்தத் தம்பி தாடையில் மூன்று தையலோடு திரிகிறான். தையல் போடவும் ஊசிதான் வேண்டியிருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். சென்ற மாதம் அம்மன் ஊர்வலத்தில் உருமிக் குழு வந்தது. அவன் வரவில்லை. அன்று ஒலிவாங்கி பிடித்திருந்த அண்ணன் கெட்டவர் இல்லை, கூட்டத்தைக் கலகலப்பாக வைக்க நினைத்தார் என்பது எனக்குத் தெரியும். அவர் ஒரு மாலை அந்தத் தம்பியின் வீட்டுக்குப் போய் ஒரு காப்பி குடித்துவிட்டு வரவேண்டும். நானும் உடன் வருகிறேன். எனக்கும் அவனிடம் பேச வேண்டியது இருக்கிறது.

காலில் துணி சுற்றிய அக்காவிடம் என் மனைவி பேசிவிட்டார். படுக்க வைத்துப் பார்ப்பார்கள் என்றால் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அவருக்கு நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். முகாமன்று காலை எட்டு மணிக்கே வந்து அந்தத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பேன். பாயை வீட்டிலிருந்து நானே கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்க்காரன்,
சுங்கை சிப்புட்